உரிமைக்கு ஊர்மொழியில் ஒரு சொல்: செனகல் சிற்றூர்களின் மக்கள்வழிக் கல்வி

மேற்கு ஆப்பிரிக்காவின் கரையோர நாடான செனகலில் பெரும்பான்மையோர் பேசும் மொழி வோலோஃப். அம்மொழியில் ‘தோஸ்தான்’ என்றொரு சொல் உண்டு. குஞ்சு தன் அலகால் ஓட்டை உள்ளிருந்தே கொத்தி உடைத்து வெளிவருவதை அது குறிக்கும். தமிழில் நாம் ‘பொரித்தல்’ என்கிறோம். ஆயினும் கோழி முட்டையைப் பொரித்தது என்று தாயை எழுவாயாக்குவதே நம் வழக்கில் மிகுதி. வோலோஃப் சொல்லோ குஞ்சின் முயற்சியை முன்னிறுத்துகிறது. 1991ஆம் ஆண்டு செனகலில் தொடங்கப்பட்ட கல்வி அமைப்பு ஒன்று இச்சொல்லையே தன் பெயராகக் கொண்டது. அச்சொல்லை எடுத்துக்கொடுத்தவர் அந்நாட்டின் பேரறிஞரும் வரலாற்றாய்வாளருமான ஷேக் அந்தா டியோப்.

சிற்றூர் மக்கள் தம் மொழியில் கற்று, தம் உரிமைகளைத் தாமே பெயரிட்டு, தம் வழக்கம் ஒன்றைத் தாமே மாற்றத் துணிந்த கதையே இவ்வுரையின் பொருள். மனித உரிமைத் துறையினர் இதனைச் சமூகவியல் நோக்கில் விரிவாக எழுதியுள்ளனர். மொழியியலாளராகிய நமக்கு இதில் வேறொரு செய்தி புலப்படுகிறது. ஆசிரியர்களும் மாணவர்களும் கூடும் இவ்வரிசைக்கு அதுவே பொருத்தமெனக் கருதுகிறோம்.

செனகலின் ஆட்சிமொழி பிரெஞ்சு. பள்ளிக்கூடத்தின் மொழியும் நெடுங்காலமாக அதுவே. வீட்டில் வோலோஃபோ புலாரோ செரெரோ மண்டிங்காவோ பேசி வளரும் பிள்ளை, முதல் நாள் வகுப்பில் காலடி வைத்ததும் ஒரு சொல்லும் விளங்காத மொழியில் எண்ணும் எழுத்தும் கற்கவேண்டும். வயது வந்தோர் நிலை இதனினும் கடிது. ஊருக்கு வரும் நலவாழ்வு ஊழியர், வேளாண் அலுவலர், சட்ட அறிவிப்பு ஆகிய யாவும் பிரெஞ்சிலேயே வந்தன. அம்மொழி அறியாத பெண்கள் ‘கல்லாதவர்’ எனக் கணக்கிடப்பட்டனர். அக்கணக்கு முழு உண்மையும் அன்று. குர்ஆன் பள்ளியில் பயின்ற பலர் அரபு எழுத்தில் வோலோஃபை எழுதி வந்தனர். மலாய்மொழிக்கு ஜாவி எழுத்தும், நம் தமிழ் முஸ்லிம்களுக்கு அரபுத்தமிழும் போன்றது அது. அரசின் கணக்கெடுப்பில் அவ்வெழுத்தறிவு எழுத்தறிவாகவே கொள்ளப்படவில்லை.

1971இல் வெளிவந்த அரசாணை ஒன்று நாட்டின் முதன்மையான ஆறு மொழிகளுக்கு இலத்தீன் எழுத்து வழியே எழுத்துமுறை வகுத்தது. அக்காலத்து அதிபர் செங்கோர், பிரெஞ்சில் புகழ்பெற்ற கவிஞர். பின்னாளில் பிரெஞ்சு அகாதெமியின் உறுப்பினராகத் தேர்ந்தெடுக்கப்பட்டவர். எழுத்துக்கூட்டல் அவருக்கு உயிர்ப்பிரச்சினை. உஸ்மான் செம்பேன் என்ற புகழ்பெற்ற இயக்குநர் ‘செட்டோ’ என்ற திரைப்படத்தை எடுத்தபோது, அத்தலைப்பில் ஒரு மெய்யெழுத்தை இரட்டித்து எழுதியது ஆணைக்கு முரண் என்று கூறி அரசு படத்துக்குத் தடைவிதித்தது. தடையின் உண்மைக் காரணம் படத்தின் கருத்தே என்பார் பலர். அஃது எவ்வாறாயினும், ஒற்று மிகுமா மிகாதா என்று வகுப்பறையில் வாதிட்டுக் களைக்கும் நம் ஆசிரியப் பெருமக்களுக்கு, அதே வினா ஒரு நாட்டின் அதிபர் வரை சென்றது என்னும் செய்தி சற்று ஆறுதல் தரக்கூடும். நம் பொருளுக்கு இதிலிருந்து வேண்டுவது ஒன்றே. 1970களிலேயே அம்மொழிகளுக்கு எழுத்துமுறை இருந்தது. ஆனால் அதனை ஊருக்குள் கொண்டுசெல்வார் மிகச் சிலரே.

அச்சிலருள் ஒருவர் மோலி மெல்ச்சிங் என்ற அமெரிக்கப் பெண்மணி. 1974இல் டக்கார் பல்கலைக்கழகத்துக்கு மாணவியாக வந்தவர், வோலோஃபைக் கற்று அங்கேயே தங்கிவிட்டார். தலைநகரில் சிறுவர்க்கென வோலோஃப் மொழியில் நூல்களும் வானொலி நிகழ்ச்சியும் உருவாக்கினார். 1980களில் தியேஸ் வட்டாரத்துச் சாம் ஞ்சாய் என்ற சிற்றூரில் குடியேறி, ஊராருடன் சேர்ந்தே பாடம் வகுத்தார். கதை, பாட்டு, கூத்து, பழமொழி ஆகிய வாய்மொழி மரபே கற்பிக்கும் முறையாயிற்று. வெளிநாட்டார் ஒருவர் முன்னின்றார் என்பதைச் சிலர் குறையாகக் கூறுவர். அக்குறையில் நியாயம் உண்டு. ஆயினும் பாடத்தை வடித்தவரும் நடத்தியவரும் பின்னர் ஊரூராய்ப் பரப்பியவரும் அம்மண்ணின் மக்களே என்பதையும் உடன் எண்ணிப்பார்த்தல் வேண்டும்.

பிற்காலத்தில் நிலைபெற்ற பாடத்திட்டம் ஏறத்தாழ மூன்றாண்டு நீள்வது. ஊரின் மொழியைப் பேசும் பயிற்றுநர் ஒருவர் ஊரிலேயே தங்குவார். அவருக்கு உறையுளும் உணவும் ஊரார் பொறுப்பு. பெரியவர்களுக்கு ஒரு வகுப்பு, இளையோருக்கு ஒரு வகுப்பு. முதற்பகுதியின் பெயர் ‘கொபி’. மண்டிங்கா மொழியில் விதைப்புக்கு முன் நிலத்தைப் பண்படுத்துவதை அது குறிக்கும். மக்களாட்சி, மனித உரிமை, உடல்நலம், சிக்கல்களைக் கலந்துபேசித் தீர்க்கும் வழி ஆகியவை அதில் அடங்கும். இரண்டாம் பகுதி ‘ஆவ்தே’. புலார் மொழியில் விதைத்தல் என்பது பொருள். எழுத்தும் கணக்கும் அதில்தான் வருகின்றன. கைப்பேசி பரவிய பின்னர் குறுஞ்செய்தி எழுதுவதும் பாடமாயிற்று. எழுதப் படிக்கக் கற்றவர்க்கு எழுதுவதற்கு ஒரு தேவை வேண்டுமல்லவா? இவற்றுடன், பெண்கள் பெரும்பான்மையாக அமைந்த பதினேழு பேர் கொண்ட ஊர்க்குழு ஒன்றும் அமைக்கப்படும்.

எழுத்துக்கு முன் உரிமையா என்று ஆசிரியர் சிலர் வியக்கலாம். முதியோர் கல்வி என்றாலே ‘அ, ஆ’வில் தொடங்கிப் பழகியவர்கள் நாம். தொடக்க ஆண்டுகளில் அவ்வமைப்பும் எழுத்தறிவுக்கே முதலிடம் தந்தது. 1990களின் நடுவில் பெண்களின் நலமும் உரிமையும் பாடத்தில் சேர்க்கப்பட்டபோதுதான் வகுப்பில் உயிர்ப்பு வந்தது. அதன் பின்னரே வரிசை மாறியது. பேச வேண்டியது உண்டு என்று உணர்ந்தவரே எழுத விரும்புவர் என்பது எம் கருத்தும் ஆகும்.

இங்கேதான் சொல் பற்றிய வினா எழுகிறது. 1948இல் ஐக்கிய நாடுகள் அவை ஏற்ற மனித உரிமை அறிக்கையை, பிரெஞ்சு அறியாத ஒரு பெண்ணிடம் எவ்வாறு கொண்டுசெல்வது? பிரெஞ்சுச் சொல்லை அப்படியே ஒலித்தால், அது மற்றோர் அரசாங்கச் சொல்லாகக் காதில் விழுந்து போய்விடும். வோலோஃபில் இதற்கு ஆளக்கூடிய சொற்கள் உண்டு. ஒன்று ‘அக்’. இது அரபியிலிருந்து வந்தது. நம் நாட்டில் நாள்தோறும் கேட்கும் ‘ஹாக்’ என்ற மலாய்ச் சொல்லுக்கு உடன்பிறப்பு. ஒருவருக்குச் சேரவேண்டியதை அது குறிக்கும். மற்றொன்று ‘சஞ்-சஞ்’. இதன் அடிச்சொல்லுக்குத் துணிதல் என்றும், செய்வதற்கு அதிகாரம் உடைத்தாதல் என்றும் பொருள் உண்டு. ஆகவே முதற்சொல்லில் உரிமை பிறரிடமிருந்து வரவேண்டியதாகவும், இரண்டாம் சொல்லில் தானே துணிந்து செய்யத்தக்கதாகவும் தோன்றுகிறது. கடமைக்கு ‘வருகர்’ என்பர். உரிமையும் கடமையும் இணைத்தே கற்பிக்கப்பட்டன. கடமை இன்றி உரிமை மட்டும் பேசினால் ஊர் மூத்தோர் அவ்வகுப்பை மூடிவிட்டிருப்பர். மனிதனைக் குறிக்க அவர்கள் சொல்லும் தொடர் ‘ஆதமின் பிள்ளை’ எனப் பொருள்படும். ஆண் பெண் என்ற வேறுபாடு அத்தொடரில் இல்லை.

நம் ‘உரிமை’ என்ற சொல்லின் வரலாற்றையும் இவ்விடத்தில் நினைவுகூரலாம். பழைய இலக்கிய வழக்கில் இச்சொல் மனைவியையும், அரசனின் உரிமை மகளிரையும் குறித்தது. ஒருவனுக்கு உரியவளாக இருந்தவளைச் சுட்டிய சொல்லே, இன்று அவள் தனக்கென உடையதைச் சுட்டுகிறது. சொற்கள் இவ்வாறு மாறுவதற்கு நூற்றாண்டுகள் ஆகும் என்று நாம் மாணவர்க்குக் கற்பிக்கிறோம். மூன்றாண்டில் ஒரு சொல்லுக்குப் புதிய பொருளை ஊட்ட முயன்ற வகுப்பறைகளை நாம் வியப்போடு காண்பது அதனால்தான்.

அவ்வகுப்பறைகளில் ஒன்று மலிகுந்தா பம்பரா என்ற ஊரில் இருந்தது. பம்பரா இனத்தார் அங்கு வாழ்கின்றனர். அவர்களிடையே சிறுமியரின் பிறப்புறுப்பை வெட்டும் வழக்கம் தலைமுறை தலைமுறையாக இருந்துவந்தது. வோலோஃப் இனத்தாரிடம் இவ்வழக்கம் இல்லை என்றே கூறலாம். பம்பரா, மண்டிங்கா, புலார், சோனிங்கே, ஜோலா மக்களிடம் உண்டு. குருதிப்போக்கு, நோய்த்தொற்று, மகப்பேற்றில் இடர், சிலவேளை உயிரிழப்பு என விளைவுகள் கொடியன. அதற்குப் பம்பரா மொழியில் வழங்கும் பெயரோ ‘கைகழுவுதல்’ எனப் பொருள்படும். இதனை மொழியியலில் இடக்கரடக்கல் என்போம். தூய்மை என்ற கருத்தை அப்பெயரே சுமந்து நிற்கிறது. அவ்வாறு செய்யப்படாத பெண்ணுக்கு ‘பிலகோரோ’ என்ற வசைச்சொல் காத்திருந்தது. மண்டிங்காவில் ‘சோலிமா’ என்பர். அவள் சமைத்ததை உண்ணார். அவளை மணம் பேசி வாரார். தாய்மார் தம் பெண்மக்களை வெட்டுக்கு உட்படுத்தியது வெறுப்பினால் அன்று. அச்சொல் தம் மகள்மேல் விழாமல் காக்கவே அவ்வாறு செய்தனர்.

வகுப்பில் அப்பொருள் வந்தபோது, பெண்கள் தொடக்கத்தில் வாய்திறக்க மறுத்தனர். பயிற்றுநர் ‘இதனை நிறுத்துங்கள்’ என்று கூறவில்லை. உடல்நலம் பற்றிய செய்திகளைச் சொன்னார், கதை ஒன்றை நடித்துக் காட்டச் செய்தார், வினா எழுப்பினார். மெல்லப் பேச்சுத் தொடங்கியது. பின்னர் கணவன்மாரிடமும் சமயத் தலைவரிடமும் மருத்துவப் பணியாளரிடமும் பெண்களே சென்று கேட்டனர். இவ்வழக்கம் சமயக் கட்டளை அன்று என அறிந்தனர். 1997 ஜூலை 31ஆம் நாள், செய்தியாளர்கள் முன்னிலையில், தம் ஊரில் இனி இவ்வழக்கம் இல்லை என்று அறிவித்தனர். அதே ஆண்டு நவம்பரில் அதிபர் அப்து தியூஃப் அதனை ‘மலிகுந்தா உறுதிமொழி’ எனப் போற்றிப் பிற ஊர்களும் பின்பற்ற வேண்டும் என்றார்.

பாராட்டு தலைநகரில், சினம் அண்டை ஊர்களில். மறைவாகப் பேச வேண்டியதை ஊரறியச் சொன்னார்கள் என்பது முதற்குற்றம். இந்நிலையில்தான் கெர் சிம்பாரா என்ற சிற்றூரின் இமாம் டெம்பா டியாவாரா வருகிறார். பள்ளி சென்று கற்காதவர். வயதாலும் அறிவாலும் மதிப்புப் பெற்றவர். தொடக்கத்தில் அவரும் இம்முயற்சியை ஏற்கவில்லை. மருத்துவரிடமும் தம் வீட்டுப் பெண்களிடமும் கேட்டறிந்த பின்னரே மனம் மாறினார். மாறியபின் அவர் சொன்ன கருத்து, நம் மதிப்பீட்டில், பல ஆய்வேடுகளுக்கு ஈடானது. ஓர் ஊர் மட்டும் நிறுத்துவதால் பயனில்லை. நம் பெண்களை மணமுடிப்பவர் பிற ஊர்களில் இருக்கின்றனர். அவர்கள் அனைவரும் உறவினர். அனைவரிடமும் பேசாமல் முடிவெடுத்தால் நம் பெண்கள் மணமின்றி நிற்பர். இதுவே அவர் கருத்தின் சாரம். சொல்லத்தகாத சொற்களைத் தவிர்க்க வேண்டும், இவ்வழக்கத்தைக் கைக்கொள்வோரைப் பழிக்கலாகாது என்றும் அறிவுறுத்தினார். பின் அவரே, முன்பு வெட்டும் தொழில் செய்துவந்த பெண்மணி ஒருவரையும் உடன் அழைத்துக்கொண்டு, உறவினர் ஊர்களுக்கு நடந்தே சென்றார். 1998 பிப்ரவரியில் டியாபுகு என்ற ஊரில் பதின்மூன்று ஊர்கள் ஒன்றுகூடி அறிவித்தன.

இதே கருத்தை, 1996இல் கெரி மெக்கி என்ற அமெரிக்க அறிஞர் சீனத்துப் பாதக்கட்டு வழக்கத்தை ஆராய்ந்து வெளியிட்டிருந்தார். மலாக்காவுக்குச் சென்றவர்கள், உள்ளங்கையில் அடங்கும் சிறு காலணிகளைக் கடைகளில் கண்டிருப்பர். அவை ஒரு காலத்தில் மூதாட்டியர் அணிந்தவற்றின் வடிவம். பல நூற்றாண்டு நிலைத்த அவ்வழக்கம், ஏறத்தாழ ஒரு தலைமுறைக்குள் மறைந்தது. பெற்றோர் சங்கங்களாகக் கூடி, எம் மகள் காலைக் கட்டமாட்டோம், கட்டிய காலுடைய பெண்ணை எம் மகனுக்குக் கொள்ளமாட்டோம் என உறுதி பூண்டதே காரணங்களுள் முதன்மையானது. இமாமும் பேராசிரியரும் ஒருவரையொருவர் அறியாமலே ஒரே முடிவுக்கு வந்திருந்தனர்.

மொழியோடு பழகியவர்க்கு இது எளிதில் விளங்கும். மொழியே ஒரு பொது இணக்கம்தானே? தமிழ் எழுத்துச் சீர்திருத்தத்தை எண்ணிப்பாருங்கள். பெரியார் 1935 முதல் தம் இதழில் புதிய வடிவங்களை எழுதிவந்தார். ஆயினும் பள்ளியில் ஒரு மாணவன் மட்டும் அவ்வாறு எழுதியிருந்தால் பிழை என்றே திருத்தப்பட்டிருப்பான். 1978இல் தமிழ்நாட்டு அரசு ஏற்று, பின்னர் சிங்கப்பூரும் மலேசியாவும் ஏற்றபின், பழைய வடிவம் சில ஆண்டுகளிலேயே வழக்கொழிந்தது. தனியொருவர்க்கு இயலாதது அனைவரும் ஒருங்கே செய்யும்போது எளிதாகிறது. எழுத்துப்பிழைக்கும் ஒரு சிறுமியின் உடலுக்கும் உள்ள தொலைவு பெரிது. ஒப்புமை, மாற்றம் நிகழும் முறைக்கு மட்டுமே.

பெயரிடுவதிலும் ஒரு கருத்து வேறுபாடு உண்டு. உலக அமைப்புகள் இதனைச் ‘சிதைப்பு’ என்றே குறிக்கின்றன. கொடுமையைக் கொடுமை என்று சொல்ல வேண்டும் என்பது அவர்கள் வாதம். செனகல் பயிற்றுநர்கள் ‘வெட்டு’ என்ற நடுநிலைச் சொல்லையே ஆண்டனர். ‘நீ உன் மகளைச் சிதைத்தாய்’ என்று கூறப்பட்ட தாய் அதன்பின் செவிசாய்ப்பாளா? சட்டநூலில் முதற்சொல்லும், ஊர்மன்றத்தில் இரண்டாம் சொல்லும் தகும் என்பதே எம் துணிபு. இவ்வுரையில் இரண்டாவதை ஆண்டதும் அதனாலேயே.

1999 ஜனவரியில் செனகல் நாடாளுமன்றம் இவ்வழக்கத்தைக் குற்றமாக்கிச் சட்டம் இயற்றியது. அறிவித்த ஊர்களின் எண்ணிக்கை ஆண்டுதோறும் பெருகி, இன்று பல நாடுகளில் 8,000ஐக் கடந்துவிட்டது. இவ்வெண்ணைக் கேட்டவுடன் வெற்றி முழுமை பெற்றதாக எண்ணுதல் கூடாது. அறிவிப்பு வேறு, கைவிடல் வேறு. மேடையில் உறுதிமொழி கூறிய ஊரிலும் மறைவாகச் செய்வோர் இருக்கலாம். சட்டத்துக்கு அஞ்சி உண்மையை மறைப்போரும் உண்டு. நாடு தழுவிய மக்கள்நல ஆய்வுகளில், 15 முதல் 49 வயது வரையிலான பெண்களுள் வெட்டுண்டவர் 2005இல் 28 விழுக்காடு. 2010-11இல் 26 விழுக்காடு. வெட்டுண்ட பெண் வாழ்நாள் முழுதும் அக்கணக்கில் இருப்பாள் ஆதலின், இவ்வெண் மெல்லவே குறையும். சிறுமியரைத் தனியே பிரித்து நோக்கினால்தான் மாற்றம் தெரியும். தெற்கேயும் கிழக்கேயும் உள்ள கோல்டா, கெதுகு முதலிய வட்டாரங்களில் வழக்கம் இன்னும் வலுவாகவே உள்ளது.

பள்ளியைப் பொறுத்தவரை நிலை இன்னும் முரணானது. தாயார் தம் மொழியில் கற்று, ஊர்க்குழுவில் அமர்ந்து, கணக்கேடு எழுதுகிறார். அவர் மகளோ பெரும்பாலும் பிரெஞ்சு வழியிலேயே பயில்கிறாள். தேசிய மொழிகளைத் தொடக்கப்பள்ளியில் புகுத்தும் முயற்சிகள் பலமுறை நடந்துள்ளன, மெல்ல விரிகின்றன. வீட்டுப்பாடத்தில் தாய் மகளுக்கு உதவ இயலாத நிலை, தமிழ்ப்பள்ளி ஆசிரியர்களுக்குப் புதியது அன்று. இங்கு அதன் வடிவம் வேறு, அவ்வளவே.

செனகலின் வயிற்றைக் கிழித்தாற்போல் அதன் நடுவே ஆற்றையொட்டி நீண்டு கிடக்கும் நாடு காம்பியா. இருபுறமும் வாழ்பவர் பெரும்பாலும் ஒரே இனத்தார்; மண்டிங்காவும் புலாரும் வோலோஃபும் எல்லை கடந்தும் ஒலிக்கின்றன. அங்கே 2015இல் இவ்வழக்கம் சட்டத்தால் தடைசெய்யப்பட்டது. 2024இல் அத்தடையை நீக்கும் சட்டவரைவு நாடாளுமன்றத்துக்கு வந்தது. மாதக்கணக்கில் விவாதம் நடந்து, ஜூலையில் தோற்கடிக்கப்பட்டது. டெம்பா டியாவாரா சொன்ன கணக்குப்படி மணவுறவு செல்லும் ஊர்கள் அனைத்தையும் எண்ணவேண்டுமெனில், அக்கணக்கில் காம்பிய ஊர்களும் சேரும். எல்லைச்சாவடியைக் கடந்து பெண் கொடுத்தலும் கொள்ளலும் இன்றும் நடைபெறுகின்றன. பயிற்றுநர்களும் அவ்வழியே போய்வருகின்றனர்.